டோர்டிஸ் விடாத மீன்

பெரிய ஹாலிபட் மீனைப் பற்றி டோர்டிஸ் ஏகெலாண்டிடம் ஒருமுறை வாய்கொடுத்தவர்கள் அலாஸ்காவின் பீட்டர்ஸ்பர்க் படகுத்துறையில் மறுமுறை கொடுத்ததில்லை. அவளுக்கு அறுபத்தொரு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கோடை விடுமுறை விட்ட மறுநாளே பதினெட்டடி அலுமினியப் படகை எடுத்துக்கொண்டு ஃபிரெடரிக் நீரிணைக்குக் கிளம்பிவிடுவாள். முன்பெல்லாம் கணவன் வெண்டலும் கூடப் போவான். முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு அவன் கரையோடு நின்றுவிட்டான்.

பத்தொன்பது வயதிலிருந்து பதினோரு வருஷம் அப்பாவின் மீன்பிடிப் படகில் வேலை செய்தவள் அவள். நூற்றுக்கணக்கில் தூண்டில் கட்டிய கயிறு மேலே ஏறி வரும். பலகை போலத் தட்டையான ஹாலிபட்டில் சின்னதைக் 'கோழி' என்றும் பெரியதைக் 'கதவு' என்றும் சொல்லும் ஊர் அது. கதவு ஒன்று தண்ணீருக்கடியில் வெளிறித் தெரிந்தால் அதை இழுத்துப் போட நீளும் முதல் கொக்கி அவளுடையதாகத்தான் இருக்கும். பிடித்ததை விடுவது என்ற நினைப்பே அந்த நாளில் அவளுக்கு வந்ததில்லை.

அவள் மாறியது ஐம்பது வயதில். அந்தக் கோடையில் தனியாக இருநூற்று முப்பது பவுண்டு மீன் ஒன்றைப் பிடித்தாள். துறையே கூடி நின்று படம் எடுத்தது. பாதியைக் கொடுத்தும் பாதியைத் தின்றும் மாளவில்லை. பெரிய மீனின் சதை சின்னதைப் போல அத்தனை மெதுவும் இல்லை. அடுத்த வசந்தத்தில் உறைபெட்டியின் அடியில் பதினேழு பொட்டலம் தின்ன முடியாதபடி வெள்ளை பூத்துக் கிடந்தன. வெண்டல் பார்க்கும் முன் அவற்றை எடுத்துப் போய் நண்டுக் கூண்டுக்கு இரையாக வைத்தாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவளால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. இந்த அளவு மீன் எல்லாம் பெட்டைதான், வருஷத்துக்கு லட்சக்கணக்கில் முட்டை இடும் என்று அவளுக்கு எப்போதோ தெரியும். தெரிந்தது உறைத்தது அப்போதுதான்.

அதன்பின் நாலடிக்கு மேல் போனால் விட்டுவிடுவாள். அதோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. மற்றவர்களும் விட வேண்டும் என்று ஆரம்பித்தாள். மூன்று வருஷத்துக்கு முன், அவளோடு ஒரே வகுப்பில் படித்த ஸ்டெய்னார் ஹோஃப்ஸெத், துறையில் ஒரு கதவைத் தொங்கவிட்டு வெளியூர் விருந்தாளிகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"பிள்ளைத்தாச்சியைக் கொன்னு தொங்கவிட்டுட்டு என்னடா இளிப்பு?" என்று எல்லோர் காதும் கேட்கக் கேட்டாள்.

அந்த மீன் ஸ்டெய்னார் மகளின் கல்யாண விருந்துக்கு என்பது மறுநாள்தான் தெரிந்தது. நூற்றிருபது பேர் சாப்பிட்டு ஒரு துண்டு மிஞ்சவில்லை. போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனும் அவன் மனைவி மார்லிஸும் அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை.

இந்த ஜூலையில் ஒரு காலை. மழை தூறி விட்டிருந்தது. பனியாற்றிலிருந்து உடைந்து வந்த கட்டிகள் தூரத்தில் நகர்ந்துகொண்டிருந்தன. இருநூறடி ஆழத்தில் கிடந்த இரையை ஏதோ கவ்வி, நிதானமாக இழுத்துக்கொண்டு போனது. டோர்டிஸுக்குக் கை சொன்னது, இது கோழி இல்லை. ஐம்பது நிமிஷம் ஆயிற்று அதை மேலே கொண்டுவர. படகோரத்தில் அது மல்லாந்தபோது ஆறடிக்குக் குறையாது என்று தெரிந்தது. வழக்கம்போல, தூண்டிலைத் திருகி எடுக்க இடுக்கியோடு குனிந்தாள்.

தண்ணீர் சிவந்திருந்தது. கீழே போராடும்போது தூண்டில் நரம்பு செவுள் மூடியைச் சுற்றி உள்ளே அறுத்திருந்தது. இரத்தம் விட்டுவிட்டுப் பீறியது.

இடுக்கியை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தாள். நரம்பை அறுத்துவிட்டால் மீன் கீழே போய்விடும். அங்கே சாகும். யாருக்கும் தெரியாது. பெரியதைக் கொல்லாமல் விட்ட பதினோரு வருஷத்துக் கணக்கும் கெடாது. கத்தியை நரம்பின் மேல் வைத்துக்கூடப் பார்த்தாள். 'யாருக்காக விடுகிறேன், மீனுக்காகவா, என் பேருக்காகவா?' என்று தோன்றியதும் கையை எடுத்துக்கொண்டாள்.

ஆனால் இத்தனை பெரிய மீனை ஒற்றை ஆளாகப் படகில் ஏற்ற முடியாது. உயிரோடு ஏற்றினால் அது வாலால் ஒரே அடியில் காலை முறிக்கும். குத்திக் கொல்லும் ஈட்டியையும் போன வருஷம்தான் யாருக்கோ கொடுத்திருந்தாள். ரேடியோவை எடுத்தாள்.

"பக்கத்துல யாராச்சும் இருக்கீங்களா? ஈட்டி வேணும். டோர்டிஸ் பேசுறேன்."

கொஞ்ச நேரம் இரைச்சல்தான் கேட்டது. பிறகு ஒரு குரல்.

"எந்த டோர்டிஸ்?"

அவளுக்குக் குரல் தெரிந்துவிட்டது. "உனக்குத் தெரிஞ்ச டோர்டிஸ்தான், ஸ்டெய்னார்."

"ஈட்டி எதுக்கு? பனிக்கட்டி குத்தவா?"

"வர்றியா, மாட்டியா?"

கால் மணியில் வந்து சேர்ந்தான். படகை ஒட்டி நிறுத்தி, எட்டிப் பார்த்தான். சிரிக்கத் தயாராக வந்த முகம், செவுளைப் பார்த்ததும் மாறிவிட்டது.

"அறுத்து விட்டிருக்கலாமே. நான் ஒண்ணும் பாத்திருக்க மாட்டேன்."

"விட்டா கீழ போய்ச் சாகும். அதுக்குப் பேரு விடுறது இல்ல."

அவன் ஈட்டியை எடுத்தான். ஒரே குத்து. கயிறு கட்டி, இரத்தம் வடியவிட்டு, வாலையும் தலையையும் சேர்த்துப் பிணைத்து, இரண்டு பேருமாக இழுத்து அவன் படகில் போட்டார்கள். மூச்சு வாங்க இருவரும் உட்கார்ந்தார்கள். டோர்டிஸ் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அன்னிக்கு நான் பேசினது தப்பு. கல்யாணத்துக்குன்னு தெரியாது. தெரியாட்டியும் பேசியிருக்கக் கூடாது."

"மூணு வருஷம் புடிச்சுதா உனக்கு இதைச் சொல்ல?"

"ஆமா."

"மார்லிஸ் உன்னை மன்னிக்க மாட்டா. அங்க நின்ன பொண்ணோட மாமியார் முன்னால மானம் போச்சுன்னு இன்னிக்கும் சொல்றா." ஃபிளாஸ்க்கைத் திறந்து காப்பியை ஊற்றி நீட்டினான். "எனக்குப் பரவாயில்ல."

துறைக்கு வந்தபோது ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ரேடியோவை ஊரே கேட்டிருக்கிறது. வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவன், "என்ன டோர்டிஸ், பிள்ளைத்தாச்சியா?" என்றான். ஸ்டெய்னார் அவளைப் பார்த்தான்.

"ஆமா," என்றாள் டோர்டிஸ். "செவுள் அறுந்துபோச்சு. கொன்னது நான்தான். வீட்டுக்குக் கொஞ்சம் வேணும்கிறவங்க பை எடுத்துட்டு வாங்க. ஒரு வாரத்துல தின்னு முடிக்கிற அளவுதான் தருவேன்."

மீனை ஸ்டெய்னார் வீட்டுப் பின்புறத்து மேஜையில் வைத்து வெட்டினார்கள். மார்லிஸ் வெளியே வரவேயில்லை. டோர்டிஸ் மீனிலேயே ருசியான அதன் கன்னத்துச் சதை இரண்டையும் தனியே எடுத்து, தட்டில் வைத்து, சமையலறைக் கதவைத் தட்டினாள். கதவு திறக்க நேரமாயிற்று. உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஸ்டெய்னாருக்குத் தெரியாது. மார்லிஸின் குரல்தான் முதலில் உயர்ந்து கேட்டது. அரை மணி கழித்து டோர்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி கத்தியை எடுத்தாள். "வெண்ணெய்ல வதக்குறாளாம். நீ கை கழுவிட்டு வரணுமாம்," என்றாள்.

அதற்குப் பிறகும் அவள் பெரியதை விடுவதை விடவில்லை. படகில் ஈட்டி ஒன்று ஏறியது. துறையில் பிரசங்கம் மட்டும் நின்றது. ஆகஸ்டில் ஒரு நாள் இரண்டு படகும் ஒரே திட்டில் நங்கூரம் போட்டிருந்தன. ஸ்டெய்னாரின் தூண்டில் வளைந்தது. நெடுநேரம் கழித்து அவன் கத்தினான்:

"டோர்டிஸ், அஞ்சடிக்கு மேல இருக்கு. வாயோரத்துல சுத்தமா மாட்டியிருக்கு. என்ன செய்யட்டும்?"

"உன் மீன். என்னை ஏன் கேக்குற?"

"திட்டுவியோன்னு பாத்தேன்."

"வீட்டுக்கு ஆள் வருதா?"

"யாரும் இல்ல. நானும் மார்லிஸும்தான்."

"அப்ப நீயே யோசி."

ஸ்டெய்னார் படகோரத்தில் வெகுநேரம் குனிந்திருந்தான். அவன் விட்டானா, ஏற்றினானா என்று பார்க்க டோர்டிஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவளுடைய தூண்டில் நுனி ஆடத் தொடங்கியிருந்தது.