பாவு விரிக்கும் முற்றம்

எங்கள் ஊர் எல்லையில் பெண்களுக்கென்று ஒரு சிறைச்சாலை கட்ட முடிவானபோது, வரைபடம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். சீர்திருத்தம், மறுவாழ்வு என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார்கள். டீயும் பிஸ்கட்டும் வந்தன. ஜன்னலைக் கொஞ்சம் பெரிதாக்கலாமே என்றால் மட்டும் எல்லோருக்கும் காது அடைத்துவிடும். அலைந்த அலைச்சலில் என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. அந்தப் பெண்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடக்க, நீளமாக ஒரு முற்றம் வேண்டும். மேலதிகாரி வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஜெயில்ல வாக்கிங் போறதுக்கு கிரவுண்டாமா? நல்லாக்கீது போ!"

நான் நெசவுத் தெருவில் பிறந்தவள். விடிகாலையில் தறியில் ஏற்றவேண்டிய நீளவாட்டுப் பட்டு இழைகளை, பாவு என்பார்கள், தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளைப் பிணைத்து, வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுவதைப் பார்த்தே வளர்ந்தேன். சிறைக்குள் தறி போடப்போவது தெரிந்ததும், அந்த இடத்தில் 'பாவு விரிக்கும் முற்றம்' என்று எழுதி மறுபடி நீட்டினேன். மறுபேச்சில்லாமல் கையெழுத்தானது. அன்றைக்கு எனக்கு வந்த கர்வத்தைச் சொல்லி மாளாது.

கட்டி முடித்து ஒரு மழைக்காலம் போனபின், கூரை ஒழுகுகிறதென்று பார்க்கப் போனேன். முற்றத்துக் கதவில் பூட்டு. சாவி வைத்திருந்த வார்டர் அம்மா சொன்னார்: "பாவு போடுற அன்னிக்கு மட்டும்தான் மேடம் தொறப்போம். பிளான்லயே அப்படித்தானே போட்டுக்கிது?"

போட்டவள் நான்தான்.

தறியிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். இங்கே மாற்றுவதற்கு முன் பழைய ஜெயிலில் பெற்ற குழந்தை இடுப்பில் இருந்தது; மூன்று வயதிருக்கும். "ஓடுறதுன்னா என்னான்னே இதுக்குத் தெரிலமா. பாவு எப்பவோ ஒருக்காதான் வருது. தெனமும் கொஞ்ச நேரம் தொறக்கச் சொல்லுங்கமா."

சொன்னேன். எழுதினேன். நேரில் போய் நின்றேன். "நீதானேமா பாவுக்குன்னு எழுதிக் குடுத்தே?" என்றார் அதே அதிகாரி. சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை. திரும்பும் பஸ்ஸில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலையே வெறுத்துப்போனது.

அடுத்த முறை போனபோது கதவு திறந்திருந்தது. பாவு விரித்திருந்தார்கள். அதன் ஓரமாகவே அந்தக் குழந்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி, விழுந்து, எழுந்து, மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. தாய் குனிந்து இழை பிணைத்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்றைப் பிணைத்துவிட்டு, பக்கத்து இழையை நகத்தால் அறுத்தாள். எங்கள் தெருவில் இதைச் செய்திருந்தால் தோலை உரித்திருப்பார்கள். நான் பார்ப்பது தெரிந்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

வெயில் ஏறிவிட்டது. வார்டர் அம்மா சாவியோடு வந்து நின்றார். "நீங்க நெசவுக்காரங்க வூட்டுப் பொண்ணாச்சே மேடம். ஒரு பாவுக்கு இம்மாம் நேரமா ஆவும்?"

"பட்டாச்சேமா," என்றேன். "சாயங்காலம் வரைக்கும் ஆவும்."