ஆயில் குடித்த பஸ்

என் அப்பாவைத் திருடன் என்று சொன்னவர்களில் யாரும் இப்போது உயிரோடு இல்லை. இந்த வயதில் சண்டைக்குப் போகலாம் என்று பார்த்தால் ஆள் கிடைக்கவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். திண்டிவனம் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறார்கள். அவர்களை நிறுத்தி, உங்கள் தாத்தா இப்படிச் செய்தார் என்று ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

அப்பா, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஓடிய ஒரு பழைய பஸ்ஸுக்கு டிரைவர். அது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் அடுப்பை மாட்டி, அதில் கரியைப் போட்டு மூட்டி, அந்தக் கரிப்புகையில்தான் வண்டியை ஓட்டினார்கள். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட் வாங்கியவர்கள் தள்ளுவதும், முதலாளிக்கு வேண்டியவர்கள் சும்மா உட்கார்ந்து வருவதும் அந்த நாளிலேயே இருந்தது.

முதலாளி நிலக்கடலை மண்டி வைத்திருந்தவர். எஞ்சினுக்கு ஊற்றுகிற ஆயில் அப்போது பர்மிட்டுக்குத்தான் கிடைக்கும். கள்ளத்தனமாக விற்றால் நெய் விலைக்குப் போகும். அவர் ஆயில் டின்னைத் தம் படுக்கையறையில் பூட்டி வைத்து, காலையில் தம் கையாலேயே அளந்து ஊற்றுவார். அவர் வீட்டு நெய்க்குக்கூட அந்தக் காவல் கிடையாது.

நாங்கள் வேதக்காரர்கள். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். சேரியிலிருந்து வேதத்துக்குப் போன குடும்பம். அப்பா ஒரு மிஷன் துரையின் காரைத் துடைக்கப் போய், ஓட்டவும் பிரிக்கவும் மாட்டவும் கற்றுக்கொண்டவர். முதலாளி வீட்டில் அவருக்குப் பின்வாசல் வரைதான் இடம். பஸ்ஸில் மட்டும் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்தார். அது பலருக்குக் கண்ணை உறுத்தியது என்பதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு அப்பா என்னையும் அழைத்துப் போயிருந்தார். எனக்குப் பொரிகடலைதான் குறி. பஸ்ஸைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, எஞ்சின் மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். முதலாளியம்மா குங்குமக் கிண்ணத்தோடு எட்ட நின்று எட்டிப் பார்த்தார்.

"இது இன்னா டிரைவரே, கொழா ஒண்ணு நட்டுக்கினு நிக்குது?"

"அதாம்மா வண்டிக்கு மூச்சு. உள்ள சேர்ற காத்து, ஆவி எல்லாம் அது வழியாத்தான் வெளிய போவும். மனுசனுக்கு மூக்கு மாதிரி."

அந்த அம்மா சிரித்துவிட்டு, அந்த மூச்சுக்குழாய்க்கும் ஒரு பொட்டு வைத்தார். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவர் தொழிலைப் பற்றி அவரிடம் ஒருவர் கேள்வி கேட்பது அதிசயம். கேட்டவர்களுக்கு வாரி வழங்கிவிடுவார்.

மழை பிடித்துக்கொண்ட பிறகு பஸ் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. சாதாரணமாகக் குடித்தால் கிழட்டு வண்டி என்று விட்டிருப்பார்கள். இது திடீரென்று, காலையில் ஊற்றியது விழுப்புரம் போய்ச் சேருவதற்குள் பாதியாகிவிடும். ஸ்டியரிங்குக்கு எதிரே கண்ணாடிக்குள் ஒரு முள் உண்டு. ஆயில் எஞ்சினுக்குள் அழுத்தத்தோடு ஓடுகிறதா என்று அது காட்டும். விக்கிரவாண்டி தாண்டியதும் அந்த முள் செத்துப்போய் அடியில் விழும். முள் விழுந்த பிறகும் ஓட்டினால் உள்ளே இரும்போடு இரும்பு உரசித் தீய்ந்து, எஞ்சின் கட்டிக்கொள்ளும். அப்புறம் எடைக்குத்தான் போட வேண்டும். அப்பா வழியில் நிறுத்தி நிறுத்தி, முதலாளி வழிக்கென்று டப்பாவில் அளந்து கொடுத்த ஆயிலை ஊற்றி ஓட்டினார். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டில் கை போகாது.

"எங்க போவுது ஆயிலு?" என்று முதலாளி கேட்டார். முதலில் பஸ்ஸைப் பார்த்துக் கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

அமாவாசையன்று வண்டி ஓடாது. முதலாளி மண்டிக்குப் போயிருந்தார். நான் கூழ் எடுத்துக்கொண்டு, முதலாளி வீட்டை ஒட்டியிருந்த பஸ் கொட்டகைக்குப் போனபோது அப்பா பஸ்ஸுக்கு அடியில் கிடந்தார். தரையில் வெள்ளைச் சாக்குகளை விரித்து, எஞ்சினை ஓடவிட்டு, எங்கே சொட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அடித்திருகு இறுக்கமாக இருந்தது. அதன் கீழே சாக்கு வெள்ளையாகவே கிடந்தது. ஆயில் உள்ளே எரிந்தால் வரும் நீலப்புகையும் பின்னால் இல்லை. ஆனால் எஞ்சினின் பின்பக்கத்துக்குக் கீழே சாக்கு கருப்பாக நனைந்திருந்தது. அப்பா எழுந்து வந்து ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகினார். மூடி கழன்றதும் உள்ளிருந்து குப்பென்று காற்று வந்து அவர் முகத்தில் ஆயிலைத் தெளித்தது.

"வயிறு உப்பிக் கெடக்குது இதுக்கு," என்றார்.

பிறகு மூச்சுக்குழாயைப் பார்த்தார். அதன் வாயில் கருப்பாக ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. கரிப்பொடியும் ஆயிலும் சேர்ந்து தோல்போல இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினார். உள்ளே மஞ்சள் தெரிந்தது. மஞ்சள் துணியில் காசு முடிந்து, குழாயின் வாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டிய காணிக்கை முடிச்சு. அப்பா நெருப்பைத் தொட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவிழ்த்துப் போட வேண்டியதுதானே? ஆனால் வேதக்காரன், சாமிக்கு முடிந்த முடிச்சை அவிழ்த்தான் என்று ஒரு பேச்சு கிளம்பினால் சேரியில் கூரை மிஞ்சாது. அவிழ்க்காமல் விட்டால் எஞ்சின் மிஞ்சாது. அந்தக் குழாயைப் பற்றி அப்பாவிடம் கேட்டவர் ஒருவர்தான். அப்பா என்னைப் பின்வாசலுக்கு அனுப்பினார். "மொதலாளியம்மாகிட்ட மட்டும் சொல்லு. பஸ்ஸுல கட்டின முடிச்ச அவங்க கையாலயே அவுக்கணும்னு அப்பா சொன்னாருன்னு சொல்லு."

அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடி வந்தார். அவர்களுடைய ஒரே மகன் தினமும் அந்த பஸ்ஸில்தான் விழுப்புரம் போய்ப் படித்துவிட்டு வந்தான்.

"எங்கயோ பஸ்ஸு கவுந்துதுன்னு கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல டிரைவரே. மயிலத்து முருகனுக்கு முடிஞ்சி கட்டினேன். நீதானே சொன்ன, அதுதான் மூச்சுன்னு. உசுரு இருக்கற எடமாச்சேன்னு அங்க கட்டினேன்."

"மூச்ச அடைச்சா காத்து உள்ளயே முட்டிக்கினு, ஆயில பின்னால சந்து வழியா வெளிய தள்ளிடுதும்மா," என்றார் அப்பா. கோபப்படவில்லை. கோபப்படுகிற இடத்தில் அவர் இல்லை.

அந்த அம்மா முடிச்சை அவிழ்த்தார். பெண்கள் பூஜை நாள் தவிர பஸ்ஸைத் தொடக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். அவர் கை ஓங்குகிறவர் என்பது தெருவுக்கே தெரியும்.

"அவருக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னு போட்டுடுவாரு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு இந்தப் பொண்ணு தலையில கை வெச்சிச் சொல்லு."

அப்பா தயங்கினார். வேதக்காரர்கள் சத்தியம் செய்யக் கூடாது என்று எங்கள் கோயிலில் பிரசங்கம் செய்யும் உபதேசியார் வாராவாரம் சொல்வார். ஆனாலும் அந்த அம்மா அழுதபடி நின்றதால், ஆயில் பிசுக்கான கையை வேட்டியில் துடைத்துவிட்டு என் தலையில் வைத்தார். "சொல்ல மாட்டேம்மா." அந்தக் கை என் உச்சியில் சில்லென்று பட்டது. மீறினால் என் தலை வெடித்துவிடும் என்பதை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டேன்.

மறுநாளிலிருந்து பஸ் ஒரு சொட்டு ஆயில் குடிக்கவில்லை. முள் நிமிர்ந்து நின்றது. அன்று மாலை அப்பா பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் பாடிக் கேட்டது அதுதான் கடைசி.

அடுத்து நடந்ததைக் கண்டக்டர் எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். முதலாளி சில நாள் அளந்து பார்த்திருக்கிறார். ஆயில் குறையவில்லை. ஒருநாள் எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

"இத்தினி நாளு குடிச்ச வண்டி இப்ப ஏண்டா குடிக்கல?"

"சரி பண்ணிட்டேன் மொதலாளி."

"இன்னாத்த சரி பண்ணின? எந்தப் பார்ட்ட மாத்தின?"

"ஒண்ணும் மாத்தலீங்க."

"அப்ப எப்பிடிடா நின்னுது?"

எவ்வளவு பெரிய ரிப்பேருக்கும் காரணம் சொல்லிவிடக்கூடிய மனிதர், வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நின்றிருக்கிறார்.

"எதையும் மாத்தாம நின்னுதுன்னா, திருடறவன் நிறுத்தினாத்தான் நிக்கும். நான் கேக்க ஆரம்பிச்சதும் பயந்து நிறுத்திட்ட. சாவியக் குடுத்துட்டுப் போ."

முதலாளி வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டதாம். அப்பா அந்தப் பக்கம் பார்த்தாராம். வளையல் உள்ளே போய்விட்டதாம். இதைச் சொல்லும்போது அது எதற்கு என்று கண்டக்டருக்கே தெரியாது. எனக்குத் தெரியும். நான் என் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

பெண்டாட்டியிடம் சொல்வது வெளியே சொன்ன கணக்கில் வராது என்று நினைத்தாரோ என்னவோ, அப்பா வந்து முடிச்சு விஷயத்தைச் சொன்னபோது அம்மா பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை. "அவ புருசன்கிட்ட அடி வாங்கக் கூடாதுன்னு நீ திருடன் பட்டம் வாங்கிக்கினு வந்தியா? நாலு பேரு கேட்டா நான் இன்னா சொல்றது? போய் உண்மையச் சொல்லு."

"புள்ள தலையில கை வெச்சிட்டேன்."

"நாம வேதத்துல இல்ல? நமக்கு ஏது அதெல்லாம்?"

"இருந்தாலும்," என்றார் அப்பா. அம்மாவும் என் தலையைத்தான் பார்த்தாள்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: போய்ச் சொல்லியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்? முதலாளியம்மா இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால், திருடன் பொய்யனும் ஆகியிருப்பான். இதை நான் அப்பாவின் நியாயமாகச் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் இன்றைக்கும் கோபம்தான். அந்த அம்மாமேல் அதைவிட அதிகக் கோபம். அவருக்கு அடிக்குப் பயம்; அப்பாவுக்கு என் தலைக்கு ஏதாவது ஆகுமோ என்று பயம்; பயமே இல்லாத ஒருவர் முதலாளிதான்.

அந்த வழியில் வேறு யாரும் அப்பாவுக்கு வண்டி கொடுக்கவில்லை. ஸ்டியரிங் பிடித்த கை வேறொரு மண்டியில் மூட்டை தூக்கப் போனது. ஒரு வாரத்திலேயே கழுத்து வீங்கிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் முதலாளி வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள் இருட்டும் நேரத்தில் வந்து, ஒரு பொட்டலத்தை அம்மா கையில் திணித்துவிட்டுப் போனாள். உள்ளே பச்சைப் பட்டுப் பாவாடை, அரக்குக் கரை. துணிக்கு வரிசையில் நின்று அடிபட்ட காலம் அது. சேரியில் அந்த வருஷம் யாருக்கும் புதுத்துணி இல்லை. அம்மா அதை அடுப்பில் போடப் போனாள். நான் அழுது புரண்டேன். அப்பா கழுத்தில் ஒத்தடம் கொடுத்தபடி, "கொழந்த கட்டிக்கட்டும், வுடு," என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "யாரு குடுத்தான்னு கேட்டா மொதலாளியம்மா பேர எடுக்கக் கூடாது," என்றார்.

கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வேதக்கோயிலில் ஆண்கள் ஒருபக்கமும் பெண்கள் ஒருபக்கமும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பாவாடை சரசரக்க நடுவில் நடந்து போனேன். கிழிசல் ஒட்டுப்போட்ட துணிகளுக்கு நடுவே என் பாவாடை மட்டும் மின்னியது. பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவ்வளவு அழகாக இருக்கிறேன் என்று நினைத்தேன்.

உபதேசியார் மனைவி என்னைப் பக்கத்தில் இழுத்து, கரையை விரலால் நிமிண்டிப் பார்த்தார். "பட்டு மாதிரி இருக்குதே. யாரும்மா எடுத்துக் குடுத்தது?"

முதலாளியம்மாவின் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்பா சொன்னது நினைவுக்கு வந்து விழுங்கினேன். எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்கப்பாதான் வாங்கிக் குடுத்தாரு," என்றேன்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உபதேசியார் மனைவி கரையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். நான் ஆண்கள் பக்கம் திரும்பி அப்பாவைத் தேடினேன். அவர் முகம் முழங்காலில் படும்படி தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் ஜெபம் செய்கிறார் என்று நினைத்து, நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.