நடைவேகத்தில் ஒழுகிய கார்

பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து வந்த ஒரு பெண்மணி, நான் சோதித்துக் கையெழுத்திட்ட காரின் அருகே இனி ஓரடிகூட எடுத்துவைக்க மாட்டேன் என்று மயிலாப்பூரின் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். காருக்குள் கோட்டும் சூட்டும் அணிந்த மாப்பிள்ளை இருந்தார். அவரைச் சுற்றி ஏழு குழந்தைகள் இருந்தார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவன் நான்.

முப்பத்தைந்து ஆண்டுகள் மோட்டார்ப் பட்டறையில் உழைத்தேன். அதில் பாதிக்கு மேல் ஃபோர்மனாக இருந்தேன். என் கையால் சீரான கார்கள் பல. ஆனால் இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவற்றைவிடப் பயன்படக்கூடியது, சீராகிவிட்டது என்று நான் தவறாக நம்பிய இந்த ஒரு கார்தான்.

1. பொடி மணத்த சோதனை

எழுபதுகளின் தொடக்கம். லஸ் முனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் பட்டறை. காலையில் கதவைத் திறந்ததும் சுவாமி படத்தின் முன் நின்று ஒரு பதிகத்தை முழுமையாகப் பாடி முடித்த பிறகே ஸ்பேனரைத் தொடுவேன். பாடி முடித்த கையோடு ஒரு சிட்டிகை மூக்குப்பொடியும் போட்டுக்கொள்வேன். முதல் பழக்கம் என் தாய் தந்தது. இரண்டாவது நானே தேடிக்கொண்டது.

வக்கீல் சாரங்கபாணியின் கார், துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிடக்கூடிய பழைய இங்கிலாந்து வண்டி. அவருடைய தந்தை வாங்கியது. வயது முப்பதைக் கடந்திருந்தது. மகள் கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பாக அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மனைவி கோமளம் மாமியும் உடன் வந்திருந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை மாப்பிள்ளையைத் திறந்த காரில் ஊர்வலமாக மண்டபத்துக்கு அழைத்துவரும் ஜானவாசத்துக்கு அந்தக் கார் வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் தந்தை கல்யாணராமன், மாம்பலத்துக்காரர். மற்றெல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்தவர் இதில் மட்டும் அசையவில்லை. திறந்த கார் வராவிட்டால் மண்டபத்துக்குள் கால் வைப்பதில்லை என்று சொல்லியிருந்தார். அந்த முகூர்த்தத்துக்கு ஊரிலிருந்த வாடகைத் திறந்த கார்கள் அனைத்தையும் வேறு கல்யாண வீட்டார் பேசி முடித்துவிட்டார்கள்.

"பிள்ளைவாள், ஒரு வாரமா பெட்ரோல் நாத்தம் வரதுன்னு இவ சொல்லிண்டிருக்கா. நேக்கு ஒண்ணும் தெரியலை. நீர் பார்த்துச் சொல்லும்" என்றார் வக்கீல்.

"எப்படித் தெரியும்? மூக்கு நெறயப் பொடியை அடைச்சுண்டு கோர்ட்டுக்குப் போறேள். ஆத்துல மூக்குன்னு ஒண்ணு நேக்கு மட்டும்தான் இருக்கு" என்றார் மாமி.

வக்கீல் சிரித்துக்கொண்டே பொடி மட்டையைப் பிரித்து என்னிடம் நீட்டினார். நானும் எடுத்துக்கொண்டேன். பிறகு பானெட்டைத் திறந்து இருவரும் குனிந்து ஆழமாக முகர்ந்தோம். எங்களுக்குப் பொடி மணத்தது.

ஆயினும் வேலையில் நான் குறை வைக்கவில்லை. பெட்ரோல் பைப்பின் ரப்பர் இணைப்புகளை மாற்றினேன். பம்ப்பைக் கழற்றிப் புதிய டயஃப்ரம் போட்டேன். டேங்க்கின் அடியில் படுத்துக் கசிவுத் தடம் தேடினேன், தென்படவில்லை. கடற்கரைச் சாலை வழியாக அடையாறு வரை நல்ல வேகத்தில் ஓட்டித் திரும்பினேன். பானெட்டைத் திறந்தால் எல்லாம் உலர்ந்திருந்தது. ஜாப் கார்டில் 'கசிவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

வண்டியை எடுக்க வந்த மாமி, "நாத்தம் அப்படியேதான் இருக்கு" என்றார்.

"பழைய வண்டிங்க மாமி. சீட்டுல ஏறின வாசனை. அது போகாது" என்றேன்.

அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

2. முனியம்மா நின்ற இடம்

ஜானவாசம் பெருமாள் கோயில் வாசலிலிருந்து புறப்பட்டது. முன்னால் நாயனமும் தவிலும். இரு பக்கமும் பெட்ரோமாக்ஸ் சுமந்த பெண்கள். நடுவில் மாலைகளால் மூடப்பட்ட கார். வக்கீலின் வேண்டுகோளுக்கிணங்க நானே ஓட்டினேன். நாயனக்காரர் நான்கடி நடந்து, நின்று, ஓர் ஆலாபனையை முடித்துவிட்டு, மறுபடி நான்கடி நடப்பார். கார் அவருக்குப் பின்னால் ஊர்ந்தது. மாப்பிள்ளையை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த குழந்தைகள் ஒவ்வொருவர் கையிலும் கம்பி மத்தாப்பு. அவர்களுடைய சித்தப்பா முறை உறவினர் ஒருவர் தீப்பெட்டியுடன் காரின் படியில் கால் வைத்தார்.

அப்போதுதான் இடப்பக்கம் விளக்குடன் வந்த முனியம்மா குரல் எழுப்பினாள்.

"மேஸ்திரி! வண்டிய நிறுத்து! சாமி, நீ அந்தக் குச்சிய ஒரசாத! பெட்ரோலு நாத்தம் கொடலப் புடுங்குது."

"கசிவு இல்லையம்மா. நானே பார்த்தேன்" என்றேன்.

"மோந்து பாரு நைனா! கண்ணால பாக்கறதுக்கு இது இன்னா பொண்ணா? தல மேல நெருப்ப வச்சிகினு கீறேன். இத்தாண்ட நான் வர மாட்டேன்."

சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன். படியில் நின்றவரிடமிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். மாப்பிள்ளையும் குழந்தைகளும் இறங்கினார்கள். விளக்குகளை இருபது அடி தள்ளிப் போகச் சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தேன். கார்புரேட்டரின் மூடியைச் சுற்றிலும் பெட்ரோல் ததும்பி, அதன் நேர் கீழே புகை வெளியேறிச் சூடேறியிருந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளிப் பொறி கக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். கீழே தார்ச் சாலையில் ஒரு தாம்பாள அளவு ஈரம்.

கையில் அனலேந்தி ஆடும் இறைவனை நாள்தோறும் பாடுகிறவன் நான். அந்தக் கணத்தில் எனக்கு ஒன்று விளங்கியது: அனலேந்தும் தகுதி அவன் ஒருவனுக்கே உண்டு. நானோ ஏழு குழந்தைகளை அதன் மேல் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பெட்ரோல் டேப்பை அடைத்தேன். நால்வரைக் கொண்டு காரை ஈரத்திலிருந்து தள்ளி நிறுத்தினேன். பக்கத்தில் வீடு கட்டக் குவித்திருந்த மணலை அள்ளி ஈரத்தின் மேல் கொட்டினோம். ஆவி கலையும் வரை பொறுத்திருந்து, பிறகே பேட்டரி வயரைக் கழற்றினேன். அவசரப்பட்டுக் கழற்றினால் அதிலும் ஒரு பொறி பறக்கக்கூடும்.

3. வடம்

கல்யாணராமன் முன்வரிசையிலிருந்து திரும்பி வந்தார்.

"என்ன, நடுத்தெருவுல நிறுத்திட்டீர்? என் பிள்ளை நடராஜா சர்வீஸ்ல வரணுமோ?"

"இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா வண்டி எரிஞ்சிருக்கும் சார். இனிமே நான் சாவியைத் தொட மாட்டேன். தப்பு என்னுது, வக்கீல் சாரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன்.

"அப்போ திறந்த கார் இல்லை. அவ்வளவுதானே? மாம்பலத்துக்குத் திரும்பிடலாம்."

நாயனம் நின்றுவிட்டது. வக்கீலின் முகத்தை நான் பார்க்கத் துணியவில்லை. மண்டபத்தில் அலங்காரத்தோடு காத்திருந்த பெண்ணுக்கு இதை யார் போய்ச் சொல்வது என்பதுதான் அங்கிருந்த எல்லோர் மனத்திலும் இருந்தது.

தூரத்திலிருந்து முனியம்மாவின் குரல் வந்தது.

"பங்குனில மாட வீதில தேரு வர்தே, அது இன்னா பெட்ரோலு ஊத்தியா ஓடுது? கவுத்தக் கட்டி இஸ்துகினு போங்களேன்யா! இத்தினி ஆம்பளைங்க கீறீங்க!"

யாரோ சிரித்தார்கள். கல்யாணராமன் சிரிக்கவில்லை. வக்கீலுக்கு மட்டும் சட்டென்று உயிர் வந்தது. கோர்ட்டில் நிற்பதுபோல் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"நீங்க கேட்டது என்ன? திறந்த கார். இது திறந்திருக்கு. காரும் கார்தான். மாப்பிள்ளை அதுல ஒக்காந்து வரணும்னேள், வருவார். இன்ஜின் ஓடணும்னு எப்பவாவது சொன்னேளா? சொல்லியிருந்தா இப்போ சொல்லுங்கோ, ஒத்துக்கறேன்."

இந்த வாதத்துக்கு முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். "அப்பா, சொல்லலை. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றார்.

எதிர்வீட்டுக் கிணற்றிலிருந்து இரண்டு தாம்புக் கயிறுகள் வந்தன. முன் பம்பரைத் தாங்கும் இரும்புகளில் அவற்றை நானே முடிந்தேன். வழிந்த பெட்ரோலைத் துணியால் ஒற்றி எடுத்து, இன்ஜின் நன்றாகக் குளிர்ந்ததும், பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையையும் குழந்தைகளையும் ஏற்றினேன். மத்தாப்புகள் அனைத்தும் கோமளம் மாமியின் பைக்குள் போயின. விளக்குகள் முன்னும் பின்னும் இருபது அடி தள்ளியே நின்றன. அதை முனியம்மா தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து மாமி, "இந்தக் கூட்டத்துல மூக்கு இருக்கறது நம்ம ரெண்டு பேருக்குத்தாண்டியம்மா" என்றார்.

மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒரு கயிற்றைப் பிடித்தார்கள். வக்கீலின் குமாஸ்தாக்கள் இன்னொன்றை. கார் அசைந்தது. அசைந்ததைக் கண்டதும் மாமி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றில் கை வைத்தார். மாப்பிள்ளையின் தாயார் ஒரு நொடி கணவரைப் பார்த்தார். பிறகு அவரும் வந்து பிடித்தார். அதன்பின் பெண்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். தெருவார் வாசல்களிலிருந்து இறங்கினார்கள்.

நாயனக்காரர் ஏதோ நினைத்தவராய் சீவாளியை ஈரப்படுத்திக்கொண்டு மல்லாரியை எடுத்தார். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது அது.

"ஓய், மல்லாரி பெருமாளுக்குன்னா வாசிக்கறது!" என்று கல்யாணராமன் அதட்டினார்.

"வடத்தப் பாத்துட்டேன் சாமி. வெரலு வேற எதுக்கும் வளைய மாட்டேங்குது" என்றார் நாயனக்காரர்.

எனக்கும் அது முதலில் உறுத்தியது. ஆனால் மண்டபத்தில் வரன் வந்தமர்ந்தால் அவனைத் திருமாலாகவே பாவித்துப் பாதம் கழுவுகிறவர்கள் இந்தக் குடும்பத்தார். சில மணி நேரம் முன்பாக மல்லாரி வாசித்துவிட்டால் இறைவன் கோபித்துக்கொள்வானா என்ன? ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, எனக்குத் தெரிந்த பதிகத்தை உரத்த குரலில் பாடத் தொடங்கினேன். ஓசைப்படாத இன்ஜினுக்குப் பின்னால் உட்கார்ந்து பாடியது என் வாழ்வில் அந்த ஒரு முறைதான்.

திருப்பத்தில் கார் சற்று முரண்டு பிடித்தது. அப்போது ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கயிற்றின் முன் நுனியைப் பிடித்தார். "நகருங்கோ, நகருங்கோ. உங்களுக்கெல்லாம் இழுக்கவே தெரியலை!" அது கல்யாணராமன். ஜரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டப வாசல் வரை இழுத்தவர் அவரே. வேர்த்து வழிந்த முகத்தோடு வக்கீலிடம், "எங்க ஆத்துல இந்த மாதிரி ஜானவாசம் எவனுக்கும் நடந்ததில்லை, ஓய்!" என்றார். குழந்தைகள் இறங்க மறுத்தார்கள். இன்னொரு சுற்று இழுக்கச் சொன்னார்கள்.

4. வெந்நீரில் எழுந்த குமிழி

மறுநாள் காலை, முகூர்த்தத்துக்கு முன்பாகவே, மண்டபத்தின் கொல்லைப்புறத்தில் கார்புரேட்டரைத் திறந்தேன். அதனுள் ஃப்ளோட் என்று ஒரு பித்தளைக் குமிழ் உண்டு. பெட்ரோல் மட்டம் உயரும்போது அது மிதந்து எழுந்து பெட்ரோல் வரும் வழியை அடைக்க வேண்டும். அதைக் காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே பெட்ரோல் குலுங்கியது.

அடுப்படிப் பக்கம் நான் போகவில்லை. ஒரு வாளி வெந்நீரைக் கிணற்றடிக்கு வரவழைத்தேன். கொண்டுவந்த தலைமைச் சமையற்காரர், "காப்பிக்கு வெச்ச வெந்நீர்! இதுல என்னத்தைப் போடறீர்?" என்று அலறிக்கொண்டிருக்கும்போதே ஃப்ளோட்டை அதில் அமிழ்த்தினேன். உள்ளிருந்த பெட்ரோல் சூட்டில் ஆவியாகி, அடிவிளிம்பிலிருந்து நூல் பிடித்தாற்போல் சிறு குமிழிகள் எழுந்தன. ஊசிமுனைகூடப் பெரிது என்னும்படியான ஓர் ஓட்டை. சமையற்காரர் குனிந்து பார்த்தார். "ஒரு பொட்டு ஓட்டை! இதுக்கா நேத்து ஊரே தேர் இழுத்தது?" என்றார்.

இதற்குத்தான். ஓட்டை வழியே பெட்ரோல் ஏறி ஃப்ளோட் கனத்துவிட்டது. எழுந்து அடைக்க வேண்டியது பாதியிலேயே நின்றது. வேகமாக ஓடும்போது இன்ஜின் அதிகமாகக் குடிப்பதால் மிகுதி வெளியே தெரியாது. நின்று நின்று ஊரும்போது குடிப்பது குறையும், மிகுந்தது ததும்பும். நான் அடையாறு வரை பறந்து சோதித்தேன். கார் போக வேண்டியிருந்ததோ நாயனக்காரரின் பின்னால். மாமியை வக்கீல் வீட்டிலிருந்து கோயிலுக்கு மெதுவாக அழைத்துச் செல்லும்போதெல்லாம் அது ஒழுகியிருக்கிறது. அவருடைய மூக்கு சொன்னதை நான் சீட்டின் மேல் பழிபோட்டேன்.

ஃப்ளோட்டிலிருந்த பெட்ரோலை முற்றிலும் வடித்து, பட்டறைக்குக் கொண்டுபோய் ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தேன். அந்தக் கார் அதன்பின் பல ஆண்டுகள் ஒழுகவில்லை.

மூக்குப்பொடியை விட்டுவிட முயன்றேன். மூன்று வாரத்துக்கு மேல் முடியவில்லை. ஆகவே என் மூக்கை நம்புவதை விட்டேன். பெட்ரோல் நாற்றம் என்று வாடிக்கையாளர் வீட்டார் யார் சொன்னாலும், கண்ணால் காணும் வரை காத்திராமல், கசிவு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினேன். மேலும், எந்தக் காரையும் அது செய்யப்போகும் வேலையின் வேகத்திலேயே சோதிக்க வேண்டும் என்பதைப் பட்டறையின் விதியாக்கினேன்.

ஜானவாசத்துக்குப் போகும் கார் எதுவாயினும், முதல் நாள் மாலை அதை ஒருவர் ஓட்ட, பொடி போடாத ஒருவரை அருகில் நடக்கவிட்டு, நான்கடிக்கு ஒருமுறை நின்று நின்று நான் முன்னால் நடப்பேன். நாயனம் இல்லாத குறைக்கு வாய்க்குள் பதிகம். ஆளில்லாத அந்தத் திறந்த காரைப் பார்த்துத் தெருவார், "மாப்பிள்ளை எங்கே மேஸ்திரி?" என்று கேட்பார்கள்.

"நாளைக்கு வருவார்" என்பேன். "அவர் முழுசா வந்து சேரணும்னுதான் இன்னிக்கு நாங்க வந்திருக்கோம்."