கும்பகோணம் பஸ்ஸில் என் முன்கை

நாளைக் காலை மயிலாடுதுறையில் எங்கள் துறை ஊழியர்களுக்கான பேட்மிண்டன் போட்டி. இரட்டையர் ஆட்டத்தில் என் ஜோடி எங்கள் ஆபீசர் மேடம்.

கோச் ஒரு மாதமாகச் சொல்வது ஒன்றுதான். "மணிக்கட்டை ஒடிக்காதீங்க, முன்கையைத் திருப்புங்க. கையைத் தூக்குறப்ப உள்ளங்கை உங்களைப் பார்க்கணும். அடிக்கிறப்ப வெளிய பார்க்கணும்."

இன்று மாலை வலங்கைமானில் பஸ் ஏறியதிலிருந்து வெறுங்கையால் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. கண் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது.

எதிர் சீட்டில் மனைவியோடு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று எழுந்து வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"என்னங்க வேணும் உங்களுக்கு? ஏறினதுலேந்து என்னையே பார்த்து 'என்ன, என்ன'ன்னு கையைத் திருப்பிக் கேட்டுக்கிட்டே வர்றீங்க. யாரு அந்தப் பொம்பளைன்னு என் வீட்டுக்காரி கேக்குறா. நான் என்ன பதில் சொல்றது?"

"ஐயோ, உங்களை இல்லைங்க! பேட்மிண்டன் பழகுறேன்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் மனைவி மட்டும் நம்பவில்லை.

"எங்க, இப்ப செஞ்சு காட்டுங்க பார்ப்போம்."

கையைத் தூக்கினேன். அதுவரை தானாகத் திரும்பிக்கொண்டிருந்த முன்கை மரக்கட்டை மாதிரி நின்றுவிட்டது. மணிக்கட்டு மட்டும் ஒடிந்து தொங்கியது.

அந்தம்மா என்னை விட்டுவிட்டுக் கணவரை ஒரு பார்வை பார்த்தார். பாவம், வீட்டுக்குப் போய் அவர் என்ன பாடு படுகிறாரோ.

நாளைக்கு என்னை மொத்த ஆபீசும் பார்க்கும். யாருமே பார்க்காமல் ஒரு மேட்ச் ஆட வழி தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.