சாதக் கரண்டிக்கு ஒரு கெரோ

1. கரண்டி மாறியது

அறுபதுகளின் கடைசியில், கல்கத்தாவின் கார்டன் ரீச்சில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் என்னைக் கேன்டீன் கமிட்டிச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அரிசிக்கு ஊரெங்கும் ரேஷன் க்யூ நின்ற காலம். எங்கள் கேன்டீனிலோ தட்டு கழுவும் தொட்டியருகே தினமும் ஒரு டிரம் நிறைய மீந்த சோறு. முதல் தடவையே மலைபோல் போட்டுவிடுவார்கள்.

கமிட்டியில் பேசி, பெரிய கரண்டியை எடுத்துவிட்டுச் சின்னதை வைத்தோம். 'வேண்டியவர்கள் கவுன்டரில் மறுபடி வாங்கிக்கொள்ளலாம், அளவில்லை' என்று போர்டில் நானே எழுதினேன். டிரம்மில் சோறு குறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

2. கெரோ

அந்த வாரக் கடைசியில் ஃபவுண்டரிக்காரர்கள் என் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். இதுதான் கெரோ: பெரிய கரண்டி திரும்பும்வரை நான் வெளியே போக முடியாது. அவர்களுக்காகப் பேசியவர் நடராஜன், மோல்டர், மதுரைக்காரர்.

"என்ன மூர்த்தி சார், ரேஷன்ல அரை வயிறு. இங்க மிச்ச அரை வயித்துலயும் கை வச்சிட்டீங்களே?"

"எவ்வளவு வேணும்னாலும் போடுவாங்கன்னு போர்டுல எழுதியிருக்கேனே, நடராஜன்!"

"எழுதியிருக்கு. மறுபடி தட்டை நீட்டிக்கிட்டு கவுன்டர்ல நிக்கணும், லைன் பூரா வேடிக்கை பார்க்கும். அதுக்குக் காளிகாட் கோயில் வாசல்லயே உக்காந்துடலாம்ல?"

"டீக் போலேச்சே, தாதா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் ஆமோதித்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"உங்க வீட்டுக் கல்யாணத்துல, சாதம் வேணும்னா எழுந்து வந்து வாங்கிக்கோன்னு சொல்வீங்களா சார்?"

நான் யோசித்துப் பார்த்தேன். நானே ஒருநாளும் இரண்டாம் தடவை கவுன்டருக்குப் போனதில்லை. பசியோடு எழுந்த நாளும் உண்டு.

"கரண்டி சின்னதுதான் இருக்கும். ஆனா வாளி உங்க இடத்துக்கு வரும். சரியா?"

"யார் தூக்கிட்டு வருவா?"

"நாளைக்கு நானே வரேன்."

"செயலாளர் வாளி தூக்குறதையும் பார்த்துடுவோம்" என்று எழுந்தார்கள்.

3. வாளி

மறுநாள் மீன் ஜோல் குழம்பு மணக்கும் அந்த நீளக் கூடத்தில், "ஆர் ஏக்டு? இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டுக்கொண்டே வரிசை வரிசையாக நடந்தேன். சிலர் மூன்று தடவை வாங்கினார்கள். நடராஜன் இரண்டு வாங்கினார். மூன்றாவதுக்குக் கரண்டியை எடுத்தபோது தட்டின் குறுக்கே கையை விரித்தார்.

"போதும் சார். போட்டா மீந்துடும்."

பிறகு தண்ணீர், மின்சாரம், காகிதம் என்று எத்தனையோ சிக்கனக் கமிட்டிகளில் இருந்திருக்கிறேன். போர்டு எழுதுவதற்கு முன்னால், ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு ஒரு தடவை நான் போய்வந்துவிடுவேன்.