புளிமிட்டாயும் ஷாப் சேலையும்

பச்சைத் தோலும் சுண்ணாம்பும் உப்பும் சேர்ந்து ஊறும் அந்த வாடையை, ஆம்பூரில் பிறந்த நாங்கள் வாடையென்று நினைத்ததே இல்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் அது அப்பாவின் வாசனை, அவ்வளவுதான். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, 'தோல்ஷாப்' என்று நாங்கள் சொல்லும் தோல் பதனிடும் ஆலையின் கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய அப்பா விஷவாயு தாக்கி அங்கேயே இறந்துபோனார். கூடத்தில் கிடத்தியிருந்த அவர்மேல் வீசிய வாடை, அன்று என் வயிற்றைப் பிடித்தது, பிறகு விடவில்லை.

இறந்தவர் வீட்டில் ஒருவருக்கு வேலை தருவது அங்கே வழக்கம். அடுத்த மாதமே அம்மா அதே ஷாப்பில் பச்சைத் தோலில் ஒட்டிய உப்பை உதறும் வேலைக்குப் போனாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் கொல்லைக்கு ஓடி வாந்தியெடுப்பேன். அவள் தேய்த்துத் தேய்த்துக் குளித்தாலும் கூந்தலில் வாடை மிச்சமிருக்கும். நாளடைவில் பள்ளிக்கூட ஷூவைக் கண்டாலும், போதகர் கையிலிருந்த வேதாகமத்தின் தோலுறையைக் கண்டாலும் எனக்கு நடுக்கம் வந்தது. 'சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது' என்று தெருவில் சொன்னார்கள். ஆனால் இந்தப் பூனை சேர மறுத்தது பெற்ற தாயிடம்!

"புருஷன்தான் போய்ட்டாரு, பெத்த பொண்ணும் கிட்ட வர்ல" என்று அம்மா தன் தங்கையிடம் அழுதாள். வேலூரில் மனநல வார்டில் நர்ஸாக இருந்த அந்தச் சித்திதான் வழி சொன்னாள்: "பயமும் ருசியும் ஒரே நேரத்துல நிக்காதுக்கா. அவ புடிச்சத தின்னும்போது உன் ஷாப் சேலைய தூரமா மாட்டி வை. பயப்படாம தின்னாள்னா கொஞ்சம் கிட்ட கொண்டா. கொஞ்சம்தான்!"

அம்மாவுக்கு அந்தக் 'கொஞ்சம்' பொறுக்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து பிரியாணி வாங்கிவந்து, நான் ஒரு வாய் வைத்ததுமே, ஷாப் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்து "இன்னா பாப்பா, அம்மாதானே" என்று அணைத்துக்கொண்டாள். பயம் போகவில்லை, பிரியாணிதான் போயிற்று. அன்றுமுதல் பிரியாணி வாசனைக்கும் எனக்குக் குமட்டியது. ஆம்பூரில் பிறந்துவிட்டு இன்றுவரை பிரியாணி தொடாதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "அவசரத்துல அண்டாக்குள்ள கூட கை நுழையாதுக்கா" என்று சித்தி போனில் கத்தினாள்.

மறுபடி தொடங்கினோம், இந்தமுறை புளிமிட்டாயோடு. சேலை கொல்லைக் கொடியில் தொங்கும். நான் தெருவாசலில் உட்கார்ந்து சப்புவேன். மெல்ல மெல்ல அது அடுக்களைக்கு வந்தது, கூடத்துக்கு வந்தது. நான் முகம் சுளித்த நாட்களில் அம்மா அதைக் கொல்லைக்கே திருப்பி எடுத்துப்போவாள், அந்த முதுகை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு மழைக்காலம் போய் வெயிலும் வந்தபிறகு, வேலையிலிருந்து வந்த கோலத்திலேயே அவள் என் பக்கத்தில் உட்கார, நான் மிட்டாயோடு அவள் மடியில் சாய்ந்தேன். கால் மரத்துப்போகும்வரை அவள் அசையவில்லை.

இப்போது அந்த ஷாப் இல்லை. தொட்டியையும் மண்ணடித்து மூடிவிட்டார்கள்; அப்பா விழுந்த இடம் இதுதான் என்று காட்ட ஒன்றுமில்லை. அண்மையில் அம்மாவும் நானும் பஸ்ஸுக்கு நின்றபோது உப்புத்தோல் ஏற்றிய லாரியொன்று கடந்து போனது. எனக்குப் பயமில்லை. ஆனால் வாயெல்லாம் புளிப்பாக எச்சில் ஊறியது. அப்பாவைக் கொண்டுபோன வாடைக்கு நாவூறுகிறதே என்று கூசிப்போய், துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவ்வளவுதான், பக்கத்தில் நின்ற அம்மா சட்டென்று விலகிப்போய் பஸ் நிறுத்தத்தின் மறுகோடியில் நின்றுகொண்டாள். ஷாப்பை விட்டு எத்தனையோ வருடமாயிற்று. புடவையோ அன்று காலையில் துவைத்துக் கட்டியது. அங்கிருந்தே கேட்டாள்: "வாந்தி வருதா பாப்பா? நான் தள்ளியே நிக்கிறேன்."