மூன்றாவது சிலிண்டரின் சுத்தமான பிளக்

1. தண்ணீர் குடிக்கிற வண்டி

ஆயில் குடிக்கிற வண்டி புகையில் காட்டிக்கொடுத்துவிடும். பெட்ரோல் குடிக்கிற வண்டி பங்க்கில் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் குடிக்கிற வண்டி மட்டும் வாயைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாத முகத்தோடு வந்து நிற்கும். தரையில் சொட்டு இருக்காது, ஹோஸில் ஈரம் இருக்காது. ஆனால் இன்ஜினைக் குளிர வைக்கிற கூலண்ட் தண்ணீர் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் மெக்கானிக் வண்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்க ஆரம்பிப்பான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு நல்ல பெயர் வாங்கித் தரும் கதை இல்லை இது.

மண்டி மொஹல்லாவில், மூன்றாவது வண்டி வந்தால் தெருவில் சண்டை வரும் அளவுக்குச் சின்னதான ஒரு ஒர்க்‌ஷாப் என்னுடையது. இருபத்தாறு வருஷம் ஆகிறது. அன்று மத்தியானம் சுந்தரேசன் சாரும் அவருடைய டிரைவர் மாதப்பனும் வந்தார்கள். சாருக்கு தேவராஜ மொஹல்லாவில் பூஜை சாமான் கடை. வண்டி, பதினெட்டு வருஷப் பழைய வெள்ளை பெட்ரோல் கார். மாதப்பன் ஹனூர்க்காரர். ஒன்பது வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறார். சார் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை ரூமில் மனைவியோடும் மகளோடும் குடியிருக்கிறார். மகள் பத்தாவது. பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

மாதப்பன் பானட்டைத் திறக்கப் போன நேரத்தில் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சும்னே ஒருத்தன் மேல பழி போடறவன் இல்ல நான். ஆனா வாரத்துக்கு அரை லிட்டர் கூலண்ட் எங்க போகுது மாராயா? தண்ணியில்லாம ஓட்டி இன்ஜினை காய விட்டிருக்கான். கேட்டா இல்லவே இல்லேங்கறான். நீ பாத்து ஒரு வார்த்தை சொல்லு. அப்படித்தான்னா, ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவேன். பொய் சொல்றவனை வீட்டுக்குப் பின்னால வெச்சுக்க முடியாது."

ஒரு வார்த்தை. என் வாயிலிருந்து வரப்போகிற ஒரு வார்த்தையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அது எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று பிறகு சொல்ல எனக்கு வழி இல்லை.

சார் ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போய்விட்டார். மாதப்பன் என்னிடம் சொன்னது ரொம்பக் குறைவு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் இன்ஜின் மிஸ் ஆகிறதாம், ஒரு நிமிஷம் உதறிவிட்டுத் தானே சரியாகிவிடுகிறதாம்.

"ஒருக்கா காலைல ஆறு மணிக்கு வூட்டுப்பக்கம் வந்து பாருங்ணா. இங்க கொண்டாந்தா அது நல்ல புள்ளையாட்டம் நிக்குது."

வண்டிதான் என்னிடம் வரவேண்டும், நான் வண்டியிடம் போவதில்லை, டாக்டர் வீடு வீடாகப் போவாரா என்று கேட்டேன்.

"நோவு வர்ற நேரத்துல டாக்டரு பக்கத்துல இருக்கோணுமில்லீங்களா?" என்றார்.

சிரித்தேன். போகவில்லை.

2. ஒவ்வொன்றாகச் சந்தேகம்

சூடாக இருந்த வண்டியில் வேலையைத் தொடங்கினேன். ரேடியேட்டர் மூடி, ஹோஸ்கள், வாட்டர் பம்பின் கசிவு ஓட்டை. எல்லாம் காய்ந்திருந்தன. உள்ளே ஹீட்டரில் ஒழுகுகிறதா என்று முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டைக் கிள்ளிப் பார்த்தேன். புழுதிதான். ஆயில் மூடியைக் கழற்றினேன். ஆயிலில் தண்ணீர் கலந்தால் அங்கே மோர் மாதிரி வெள்ளையாகப் படியும். படியவில்லை. பிரஷர் டெஸ்டரை மாட்டிப் பம்ப் அடித்தேன். முள் ஏறி நின்றது. இருபது நிமிஷம் அசையவில்லை.

இன்ஜினுக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் தண்ணீரை அடைத்து நிற்கிற ஹெட் கேஸ்கெட்டை நான் சந்தேகப்படவில்லை. போன வருஷம்தான் மாற்றியிருந்தேன். இதே வண்டியில், இதே இடத்தில், என் கையால். சந்தேகப் பட்டியலில் அதைக் கடைசியில் போட்டேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் பட்டியலில் அது இல்லவே இல்லை.

பிறகு கூலண்ட் நிற்கிற ரிசர்வர் டப்பாவின் அடியில் விரலை விட்டேன். மஞ்சளாக ஒரு வண்டல். முகர்ந்தேன். மஞ்சள்தூள்.

மலைப்பாதை லாரிக்காரர்கள் செய்கிற வேலை இது. ரேடியேட்டரில் சின்ன ஓட்டை என்றால் ஒரு ஸ்பூன் மஞ்சளைப் போடுவார்கள். அது போய் அடைத்துக்கொள்ளும், ஊர் போய்ச் சேரலாம். மாதப்பனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் கூலண்ட் குறைவதைப் பார்த்துப் போட்டதாகச் சொன்னார். சாவ்காரிடம் சொல்லப் பயமாக இருந்ததாம். முதலாளியை அவர் அப்படித்தான் சொல்வார்.

அந்த இடத்தில் என் மனசு ஒரு கதவைச் சாத்திக்கொண்டது. மறைத்தவன் மறைப்பான். அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் அந்தச் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததுதான்.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தேன். ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவை சுட்ட செங்கல் நிறம். மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவி வைத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. இதை மட்டும் எப்போது மாற்றினாய் என்று மாதப்பனைக் கேட்டேன். மாற்றவேயில்லை என்றார். நான் நம்பவில்லை.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்லவேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்தால் அது ஆவியாகிப் பிளக்கைக் கழுவிவிடும். நாலில் ஒன்று மட்டும் சுத்தமாக இருந்தால் அதுதான் அர்த்தம். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். எனக்கும் தெரியும், அன்றும் தெரிந்திருந்தது. ஆனால் அன்று அந்த வெள்ளைப் பிளக் என் கண்ணுக்கு ஒரு திருட்டின் தடயமாகத்தான் தெரிந்தது. எதையோ மறைக்க ஒற்றைப் பிளக்கை மாற்றியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். இன்ஜின் நேராகவே பேசியிருக்கிறது. என் காதுக்குள்தான் வேறு ஒருவன் உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறான்.

சாயங்காலம் சாருக்குப் போன் செய்தேன். ஹீட் ஆன வண்டி மாதிரிதான் இருக்கிறது, மஞ்சள் போட்டு அடைத்திருக்கிறான், பிளக் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இல்லை என்கிறான் என்றேன். சார் கன்னடத்தில் "சரி பிடு", சரி விடு, என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மஞ்சளையெல்லாம் ஃபிளஷ் செய்து எடுத்து, புதுக் கூலண்ட் ஊற்றி, வண்டியை அனுப்பினேன். மாதப்பனிடம் சாவியை வாங்கிக்கொண்டு, மாதக் கடைசிக்குள் ரூமைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று டீக்கடையில் கேள்விப்பட்டேன். டீயை முழுசாகக் குடித்தேன். அதையும் எழுதிவைக்க வேண்டும்.

3. பூட்டிய ஷட்டர்

இரண்டு வாரம் கழித்து சார் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். இப்போது வாரத்துக்கு ஒரு லிட்டர் குறைகிறது. காலை உதறல் முன்னைவிட மோசம். சாவி சாரிடம்தான் இருக்கிறது, மாதப்பன் வண்டியைத் தொடுவதே இல்லை.

"பின்னாலதானே இருக்கான். கோபத்துல எதையாவது பண்றானோ என்னமோ" என்றார் சார்.

அவருடைய சந்தேகம் எனக்கும் சரியாகவே பட்டது. அப்படியானால் வண்டி இங்கேயே இருக்கட்டும், ஷட்டரைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொள்கிறேன், மாதப்பன் கை எட்டாத இடத்தில் தண்ணீர் குறைகிறதா பார்ப்போம் என்றேன். இன்ஜின் ஆறியதும் ரிசர்வர் டப்பாவில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மாதப்பனைப் பிடிக்கத்தான் அந்தக் கோடு.

மறுநாள் ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன். தெருவில் பால் வண்டி, கோழிக்கூண்டு ஏற்றிய ஆட்டோ, யாரோ வாசல் தெளிக்கிற சத்தம். பூட்டு பூட்டினபடி இருந்தது. தரை காய்ந்திருந்தது. கூலண்ட், கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது.

ஸ்டார்ட் செய்தேன். குளிரில் நனைந்த நாய் உடம்பை உதறுகிற மாதிரி வண்டி உதறியது. பின்னால் வெள்ளைப் புகை. தித்திப்பான ஒரு வாடை, கூலண்ட் வேகிற வாடை. ஒரு நிமிஷம். பிறகு நல்ல பிள்ளையாக ஓட ஆரம்பித்தது. மாதப்பன் எனக்கு என்ன சொன்னாரோ அதை வரி மாறாமல் வண்டி சொன்னது.

இருபத்தாறு வருஷமாக நான் சூடான வண்டிகளை மட்டும்தான் பார்த்து வந்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற வண்டி ஓடித்தானே வரும்.

பகல் முழுக்க ஆறவிட்டேன். சாயங்காலம் ஆறின இன்ஜினில் பிரஷர் டெஸ்டரை மாட்டிப் பம்ப் அடித்துவிட்டுப் போனேன். காலையில் முள் இறங்கியிருந்தது. பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடித்தேன். மூன்றாவது ஓட்டையிலிருந்து பச்சைக் கூலண்ட் பீய்ச்சியடித்து என் சட்டையை நனைத்தது.

ஹெட்டைக் கழற்ற உட்கார்ந்தேன். மற்ற போல்ட்டுகளுக்கு நீளக் கம்பியைப் போட்டு மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது சிலிண்டர் பக்கத்துப் போல்ட் இரண்டு மட்டும் ஜாடி மூடி மாதிரி திரும்பி வந்தன. ஹெட்டைத் துடைத்து, மட்டக்கோலை வைத்து, இடையில் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் நுழைகிறதா பார்த்தேன். மெல்லிய தகடுகூட எங்கேயும் நுழையவில்லை. தண்ணீரில்லாமல் காய்ந்த இன்ஜினில் அலுமினிய ஹெட் வளைந்திருக்கும். இது கண்ணாடி மாதிரி இருந்தது. மாதப்பன் இந்த வண்டியை ஒருநாளும் காயவிட்டதில்லை.

அப்படியானால் யார்?

போல்ட் எவ்வளவு இறுகியது என்று அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் எங்கள் தெருவில் ஒன்றே ஒன்று உண்டு. அது எதிர் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. போய்க் கேட்டு வாங்குவது கௌரவக் குறைச்சல். எங்களுக்கெல்லாம் மணிக்கட்டுதான் டார்க் ரெஞ்ச். இறுகியது கைக்குத் தெரியும் என்போம். போன வருஷம் அப்படித்தான் இறுக்கினேன். இந்த இன்ஜினின் போல்ட்டுகள் ஒருமுறை இழுபட்டால் தூக்கிப்போட வேண்டியவை. அதையும் தெரிந்தே பழைய போல்ட்டையே மாட்டினேன். சூடாகும்போது அலுமினிய ஹெட் இரும்புப் போல்ட்டைவிட அதிகமாக விரியும், அதனால் பிடி இறுகிக் கசிவு நின்றுவிடும். ஆறினால் திறக்கும். என் தப்பு, சூடு இருக்கும்வரை தன்னை மறைத்துக்கொண்டது. மிச்சத்தை அந்த ஒரு ஸ்பூன் மஞ்சள் மறைத்தது.

4. சொல்ல வேண்டிய இரண்டு இடம்

"கேஸ்கெட் டூப்ளிகேட், சார்." அவ்வளவு சொன்னால் போதும். சார் நம்புவார். அந்த வாக்கியம் நாக்கில் வந்து உட்கார்ந்தது. போனை எடுத்தால் அதைத்தான் சொல்வேன் என்று எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. கையைக்கூடக் கழுவாமல் தேவராஜ மொஹல்லாவுக்கு நடந்தேன்.

கடையில் சாம்பிராணி எடை போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தராசை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டார்:

"நீ சொன்னதை வெச்சுத்தானே பழனி நான் அவனைப் போகச் சொன்னேன்?"

"ஆமா சார்."

"அவன் பொண்ணுக்கு வர்ற வாரம் பரீட்சை."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான் சொன்னியா?"

வேலையும் ரூமும் மாதப்பனுக்கேதான் என்றும், அதைத் தானே வந்து சொல்வதாகவும், காரணத்தை முதலில் நான் போய்ச் சொல்ல வேண்டும் என்றும் சார் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாதப்பன் ரூம் வாசலில் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தார். கொள்ளேகாலில் அவர் தங்கை வீட்டுக்குச் சாமான் போகவிருந்தது. மகள் உள்ளே கட்டி வைத்த மூட்டைகளின் மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். அவர் முதலில் கேட்டது:

"அப்போ ஹெட்டு வளையலீங்களா?"

"இல்ல."

ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மஞ்சளைப் போட்டுட்டுச் சொல்லாம இருந்தது என்ற தப்புத்தானுங்க. ஆனா காலைல வாங்கன்னு கூப்புட்டனே. ஏன் வல்லீங்க?"

மன்னிப்பு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கட்டில் காலைத் திரும்ப மாட்ட ஆரம்பித்துவிட்டார். ஹெட்டை எப்போது ஏற்றுகிறேன் என்று கேட்டார். நாளை மறுநாள் என்றேன்.

"நான் வந்து பக்கத்துல நிப்பேனுங்க."

5. பக்கத்தில் நின்றவர்

புதுப் போல்ட்டுகள், புதுக் கேஸ்கெட். எதிர் ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டு டார்க் ரெஞ்ச் வாங்கிவந்தேன். ரெண்டு கிண்டல் செய்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். மாதப்பன் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் போல்ட்டின் மேல் அல்ல, என் கையின் மேல் இருந்தது. ஒவ்வொன்றாக, வரிசைப்படி, அளவுப்படி. பத்தாவது முடிந்ததும் சொன்னார்:

"அந்த நாலாவதை இன்னொருக்கா வெச்சுப் பாருங்ணா."

நாலாவது சரியாகத்தான் இருந்தது, எனக்கு நிச்சயம். ஒரு நொடி சுருக்கென்றது. இரண்டு வாரமாக இவருக்கு எப்படிச் சுருக்கென்றிருக்கும் என்பது பிறகுதான் புத்தியில் ஏறியது. ரெஞ்சை வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அவர் தலையாட்டினார், டார்ச்சை அடுத்ததற்கு நகர்த்தினார். அதையும் வைத்துப் பார்த்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் முன்பு கை வைத்த வண்டி திரும்பி வந்தால், யாரையும் சந்தேகப்படுவதற்கு முன் உங்கள் வேலையைக் கழற்றிப் பாருங்கள். நோய் காலையில் வருகிறது என்று ஓட்டுகிறவர் சொன்னால் காலையில் போங்கள். போக முடியாவிட்டால் வண்டியை ஆறவிட்டு, ஒரு இரவு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. ஆனால் அது ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் உங்களிடம் வரக்கூடாது. உங்களிடமிருந்துதான் கிளம்ப வேண்டும்.

மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டை மாதப்பன்தான் போட்டார். நான் பின்னால் குனிந்து சைலன்ஸரில் உள்ளங்கையை வைத்திருந்தேன். காற்று சீராக வந்தது, உதறல் இல்லை, வாடை இல்லை, காலையில் எந்த வண்டியும் விடுகிற ஈரம் மட்டும்தான். ஒரு நிமிஷம் முழுசாக ஓடவிட்டு நிறுத்தினார். இறங்கி வந்து என் ஈரக் கையைப் பார்த்தார், பிறகு என்னை. சரியாகிவிட்டதல்லவா என்று கேட்டேன்.

"ஒரு வாரம் பாத்துட்டுத்தானுங்க சொல்ல முடியும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.